எட்டு வாரத்துப் பரு

(சண்டிலிப்பாயில் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நடந்த மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கையில் ஒரு சின்ன டப்பி கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசைக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்ரிக் டப்பி, வெள்ளை மூடி. மேலே பெயர் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. செய்த திகதியும் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. திறந்தால் இளமஞ்சள் கிறீம், நல்ல மணம். இதை என்னிடம் தந்தவள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. ஆளைச் சொல்லமாட்டேன், வாங்கிய இடத்தையும் சொல்லமாட்டேன். "டொக்டர், இதைப் பூசினா மூண்டு நாளிலை பரு போயிடும் எண்டு சொன்னவை. உண்மையா மூண்டு நாளிலை போட்டுது. இப்ப நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு" என்றாள்.

நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு. அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து, முகப்பருவைப் பற்றி ஊரில் ஒருமுறை விளக்கமாகப் பேசவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

பரு சின்ன விசயம், வயது போகப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறோம். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற பதினாறு வயதுக்கு அது சின்ன விசயம் இல்லை. வகுப்புப் படம் எடுக்கிற நாளில் காய்ச்சல் என்று வீட்டில் நின்றுவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். விடை தெரிந்தும் எழும்பிச் சொல்லாமல் குனிந்திருக்கிற பிள்ளைகளைத் தெரியும். 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடையில் நூற்றுக்கு 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இத்தனை பேருக்கு வருகிற ஒன்றைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. அதனால்தான் பிள்ளை தோழியைக் கேட்கிறது, கடையில் கேட்கிறது, போனில் தேடுகிறது.

இதையெல்லாம் தமிழில் விளங்கப்படுத்த முடியுமா என்று கூட்டம் ஒழுங்கு செய்தவர்களில் ஒருவர் என்னைக் கேட்டார். அதற்குப் பதில் அடுத்த ஊரான மானிப்பாயில் இருக்கிறது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848இல் அங்கே வைத்தியம் தொடங்கினார். 1860களில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். தடித்த ஆங்கில நூல்களை மாணவர்களோடு இருந்து தமிழாக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் அச்சேறியது. எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் தேடியவர்கள் நடந்து திரிந்த தெருக்கள் இவை. நூற்றைம்பது வருடம் கழித்து ஒரு பருவை விளங்கப்படுத்தத் தமிழில் சொல் போதாது என்று நான் சொன்னால், அது என் குறை.

சரி, பரு எங்கே பிறக்கிறது? மயிர்க்காலில். முகம் முழுக்கப் பூனைமயிர் இருக்கிறது. ஒவ்வொரு மயிரும் ஒரு நுண்ணிய குழிக்குள் நிற்கிறது. அந்தக் குழியை உங்கள் வளவுக் கிணறாக நினையுங்கள். கிணற்றுக்குள் ஓர் ஊற்றுக்கண் இருப்பதுபோல இங்கே எண்ணெய்ச் சுரப்பி. முகத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குள் 400 முதல் 900 சுரப்பிகள் வரை இருக்கும். கையின் புறத்தில் மிகக் குறைவு, உள்ளங்கையில் இல்லவே இல்லை. அதனால்தான் பரு முகத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் வருகிறது, உள்ளங்கையில் வருவதில்லை.

சின்ன வயதில் இந்த ஊற்று கசிந்துகொண்டிருக்கும். பருவமடையும்போது அன்ட்ரோஜன் என்ற ஓமோன் வந்து திறந்துவிடுகிறது. ஆண் ஓமோன் என்று பெயர் இருந்தாலும் பெண்பிள்ளைகளின் உடலிலும் அது சுரக்கிறது. பருவமடைய முன்னரே விதைகள் இயங்காமற்போன ஆண்களுக்குப் பரு வருவதில்லை, அவர்களுக்கு அந்த ஓமோனைக் கொடுத்தால் வருகிறது என்று ஜேம்ஸ் ஹமில்ரன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1941இல் எழுதினார். தாய்மாரே, பிள்ளை முகம் கழுவாததால் பரு வந்தது என்று ஏசாதீர்கள். அவள் வளர்கிறாள் என்பதற்கான அடையாளம் அது.

எண்ணெய் கூடினால் மட்டும் பரு வராது. குழியின் சுவரிலிருந்து பழைய தோற்கலங்கள் தனித்தனியாக உதிர்ந்து எண்ணெயோடு வெளியே வரவேண்டும். பரு வருகிறவர்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயில் குழைந்து, குழியின் வாயில் ஒரு தக்கையாக அடைக்கின்றன. வாய் திறந்தபடி அடைத்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு ஊத்தை அல்ல. தோலின் நிறப்பொருளான மெலனின் காற்றுப்பட்டுக் கறுத்த நிறம். பீர்க்கந்தும்பால் எவ்வளவு உரஞ்சினாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். வாய் மூடி அடைத்தால் வெண்புள்ளி. மூடிய கிணற்றுக்குள் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் கொழிக்கிற ஒரு பற்றீரியா நம் எல்லாருடைய தோலிலும் இருக்கிறது. கியூற்றிபற்றீரியம் அக்னெஸ் என்று அதற்குப் பெயர். அது அங்கே பெருக, உடல் எதிர்க்கிறது. சிவப்பும் வீக்கமும் நோவும் சீழும் அந்த எதிர்ப்பின் விளைவு.

இனி நான் சொல்வதுதான் இன்றைக்கு முக்கியம். கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் அடைப்பு உண்டாகி, கண்ணாடியில் பருவாகத் தெரிய ஏறத்தாழ எட்டு வாரம் செல்லும். சீரணி நாகபூஷணி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நெற்றியில் வருகிற பரு, பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு முன்னரே தோலுக்குள் கரு கட்டிவிட்டது. அதன் பக்கத்தில் இன்னும் வெளித் தெரியாத பத்துக் கருக்கள் வரிசையில் நிற்கின்றன. ஆகவே பருவின் மேல் மட்டும் பொட்டுவைத்ததுபோல் மருந்து வைப்பது, வந்துபோன பேருந்துக்குக் கை காட்டுவதற்குச் சமம். மருந்து பரு வருகிற இடம் முழுவதற்கும் பூசவேண்டியது. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு கிழமை பூசிவிட்டு "இது சரிவரேல்லை" என்று ரியூப்பை எறிகிறவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் அதிகம். மருந்து பிழைத்ததல்ல, அவர்கள் காத்திருக்கவில்லை.

மருந்துகளுக்கு வருவோம். பென்சோயில் பெரொக்சைட் என்பது பழைய, மலிவான, நல்ல மருந்து. தோலில் பட்டதும் அது உடைந்து ஒட்சிசனை வெளிவிடுகிறது. காற்றை வெறுக்கிற அந்தப் பற்றீரியாவுக்கு அதுவே நஞ்சு. கோடிக்கணக்கானோர் பாவித்தும் இந்த மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற பற்றீரியா தோன்றவில்லை, அதுதான் இதன் பெருமை. 2.5 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம் என்று வரும். 10 வாங்கினால் நாலு மடங்கு வேகம் என்று நினைக்காதீர்கள். 2.5 ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிவும் வறட்சியும் குறைவு. ஒன்று மட்டும் கவனம்: இது துணியின் சாயத்தை உரித்துவிடும். ஒருமுறை ஓர் அம்மா கருநீலத் தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். கன்னம் படுகிற இடத்தில் செம்மஞ்சளாக ஒரு வட்டம், பக்கத்தில் விரல் துடைத்த மூன்று கோடு. மகனின் மூளைக்குள்ளும் இப்படி ஏறுமா என்று கேட்டார். ஏறாது. தோலுக்குள் போனதும் பென்சோயிக் அமிலமாக மாறிச் சிறுநீரோடு போய்விடும். வெள்ளை உறை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

அடைப்பையே குறிவைக்கிற மருந்துகள் விற்றமின் ஏயின் உறவுகள். ட்ரெற்றினோயின், அடப்பலீன் என்று பெயர். குழிச்சுவரின் கலங்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிர இவை வழிசெய்கின்றன. நான் சொன்ன எட்டு வாரக் கரு உண்டாகாமலே தடுப்பவை இவைதான். என்னைக் கேட்டால், பரு வைத்தியத்தின் முதுகெலும்பு இது. பூசுகிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பின், ஒரு பயறு அளவு விரல்நுனியில் எடுத்து, நெற்றி, இரு கன்னம், மூக்கு, நாடி என்று ஐந்து இடத்தில் புள்ளிவைத்து, மெல்லப் பரப்பவேண்டும். முழு முகத்துக்கும் அந்த ஒரு பயறுதான். முதல் சில கிழமை தோல் உரியும், கொஞ்சம் எரியும், சிலருக்குப் பரு கூடினதுபோலவும் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, மேலே ஈரப்பதன் கிறீம் ஒன்று போட்டால் தாண்டிவிடலாம். கர்ப்பிணிகள் இவற்றைத் தொடக்கூடாது.

இந்த மருந்தின் கதையில் ஒரு கறை உண்டு. அதையும் சொல்லவேண்டும். ட்ரெற்றினோயின் பருவுக்கு உதவும் என்று 1969இல் உலகுக்குக் காட்டியவர் பிலடெல்பியாவின் தோல் வைத்தியப் பேராசிரியர் அல்பேட் கிளிக்மன். அந்நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் உடலில் பரிசோதனைகள் நடத்தியவரும் அவரே. பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். கொஞ்சக் காசுக்காக முதுகைக் கொடுத்தவர்களுக்கு, என்ன பூசப்படுகிறது, என்ன வரும் என்பது சரியாகச் சொல்லப்படவில்லை. பிலடெல்பியா நகரம் 2022இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. என்ன பூசுகிறோம் என்று பூசப்படுகிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்ற உரிமைக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. பெயரெழுதாத டப்பி ஒன்றைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறைச்சாலை நினைவுக்கு வரும்.

அடுத்த மருந்தின் கதை தேமலில் தொடங்குகிறது. தேமல் எல்லாருக்கும் தெரியும். வியர்வைக் காலத்தில் கழுத்திலும் நெஞ்சிலும் வெளிறிய படை படையாக வரும். தோலில் வாழும் மதுவம் ஒன்றின் வேலை அது. அது ஏன் நிறத்தை வெளிற்றுகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் தேடிப்போனபோது கிடைத்தது அசெலேயிக் அமிலம். இன்று அது பருவுக்கு நல்ல மருந்து. நம்மைப்போன்ற மாநிறத்தவர், கறுத்த நிறத்தவருக்கு இன்னும் நல்லது. நமக்குப் பரு ஆறினாலும் அந்த இடத்தில் கறுப்பு அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும் அல்லவா? பல பிள்ளைகளுக்குப் பருவைவிட அதுதான் கவலை. இந்த அமிலம் பருவையும் குறைத்து அந்தக் கறுப்பையும் மெல்ல மெல்லக் கரைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம்.

அன்ரிபயோட்டிக் பற்றிச் சுருக்கமாக. டொக்சிசைக்கிளின் குளிசை பற்றீரியாவையும் வீக்கத்தையும் குறைக்கும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். வெயிலில் முகம் சீக்கிரம் கருகும். மூன்று மாதம் அளவில் நிறுத்திவிடவேண்டும். கிளின்டாமைசின் பூச்சைத் தனியாகப் பூசக்கூடாது, பென்சோயில் பெரொக்சைட்டோடு சேர்த்துத்தான். தனியாகப் பூசினால் பற்றீரியா அதற்குப் பழகிவிடும். அயல்வீட்டு அக்காவுக்குக் கொடுத்த குளிசையில் மிச்சத்தை வாங்கிப் போடுகிற பழக்கத்தை அருள்கூர்ந்து விடுங்கள்.

ஆழமாக, கட்டிகட்டியாக வந்து குழி விழுத்துகிற பரு வேறு. அதற்கு ஐசோட்ரெற்றினோயின் குளிசை. அமெரிக்காவில் 1982இல் அனுமதி பெற்றது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் மருந்து. முகம் குழிவிழாமல் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. உதடு வெடிக்கும், இரத்தப் பரிசோதனை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவில் இருக்கும் பிள்ளைக்குப் பெரும் ஊனம் விளைவிக்கும். குளிசை எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. கலியாணம் நிச்சயமான பிள்ளைகளும் அம்மாமாரும் இதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் பேசவேண்டும். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், நாடியில் மயிரும் வளர்ந்து, தாடையோரம் விடாமல் பரு வருகிற பெண்பிள்ளைகளுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டிகள் இருக்கலாம். அதற்கு ஓமோன் வழி வைத்தியம் தனியாக உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது, இலவசம். வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு மருந்துகளைப் பற்றிக் கேட்காமல் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். மஞ்சளும் சந்தனமும் பூசுவதில் பெரிய தீமை இல்லை, பெரிய நன்மையும் இல்லை. தேசிக்காய்ச் சாறு மட்டும் வேண்டாம். தேசிப்புளியில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். சாறு வடிந்த வழியே கறுத்த கோடு விழுந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளியை அரைத்து வைப்பதும், பற்பசை வைப்பதும் புண்ணாக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காதே என்று நான் எந்த அம்மாவிடமும் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் நெற்றியில் வழிய வைத்தால் அது அந்தக் குழிகளை அடைக்கும். தலைமயிரில் பூசும் எண்ணெயால் நெற்றியோரம் வரும் பருவுக்கு மருத்துவ நூலில் தனிப் பெயரே உண்டு. பின்பக்கம் அளவாக வைத்து, படுக்கமுன் நெற்றியைக் கழுவினால் போதும்.

கழுவுவதிலும் ஒரு சங்கதி. நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் தேய்ப்போம். அந்தச் சவர்க்காரப் பசை முகத்தில் படிந்து தோலை வறட்டி எரியவைக்கும். ஒரு நாளுக்கு இரண்டு தரம், காரம் குறைந்த கழுவியால், விரல்களால் மட்டும் கழுவுங்கள்.

மாம்பழம்? கறுத்தக்கொழும்பான் சூடு, பரு வரும் என்று என் ஆச்சியும் சொன்னவர். மாம்பழத்துக்கு எதிராகச் சாட்சி இல்லை. சீனிக்கும் மாவுக்கும் எதிராக ஓரளவு சாட்சி இருக்கிறது. இரத்தத்தில் வெல்லத்தைச் சட்டென்று ஏற்றுகிற உணவு, எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும் ஓமோன்களையும் ஏற்றுகிறது. பப்புவா நியூகினியாவின் கிற்றாவா தீவில் கிழங்கும் மீனும் பழமும் தேங்காயும் சாப்பிட்டு வாழ்ந்த 1200 பேரைப் பார்த்தபோது ஒருவருக்கும் பரு இல்லை என்று 2002இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் பழம் சாப்பிட்டவர்கள்தான். ஆகவே பழத்தைப் பறிக்காதீர்கள், மென்பான போத்தலைப் பறியுங்கள்.

இனி இந்த டப்பிக்கு வருகிறேன். மூன்று நாளில் பரு எப்படிப் போனது? உள்ளே இருப்பது ஸ்ரெரோயிட். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஏதோ ஒன்று. எக்சிமாவுக்கும் வேறு சில தோல் நோய்க்கும் அது அருமையான மருந்து, நானே நாளாந்தம் எழுதுகிறேன். முகத்தில் பருவுக்குப் பூசினால், இரத்தக்குழாய்கள் சுருங்கும், உடலின் எதிர்ப்பு அடங்கும். சிவப்புப் போய்விடும், முகம் வெளுக்கும், எல்லாரும் "நல்லாய் வந்திட்டாய்" என்பார்கள். அடைப்பு அப்படியே இருக்கும். பற்றீரியா இன்னும் வசதியாகப் பெருகும். எரிகிற வீட்டில் நெருப்பை விட்டுவிட்டு அபாய மணியின் கம்பியை வெட்டுகிற வேலை இது. மாதங்கள் போக, தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பு நூல்போல் இரத்தக்குழாய் தெரியும், பூனைமயிர் தடிக்கும், ஸ்ரெரோயிட்டே புதிய பருக்களைக் கிளப்பும். நிறுத்தினால் முகம் தீப்பற்றியதுபோல் சிவந்து எரியும். பயந்து மறுபடி பூசுவார்கள். அதுதான் நிப்பாட்ட ஏலாமல் போவது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த கேடு அல்ல. இந்தியாவில் பல தோல் கிளினிக்குகள் சேர்ந்து, முகத்தில் நோயோடு வந்த 2926 பேரைக் கேட்டுப் பார்த்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்ரெரோயிட் பூசிக்கொண்டிருந்தார்கள். 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் வைத்தியர் அல்ல. தோல் வைத்தியர்கள் விடாமல் குரல்கொடுத்து, 2018இல் பல ஸ்ரெரோயிட் பூச்சுகளை வைத்தியர் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்க்கவைத்தார்கள். ஸ்ரெரோயிட் கலந்த வெளுப்புக் கிறீம்களின் மூலமும் கிளிக்மன்தான். ஹைட்ரோகுயினோன், ட்ரெற்றினோயின், ஸ்ரெரோயிட் மூன்றையும் சேர்த்து, முகத்தில் படரும் கருமையைக் குறைக்க 1975இல் ஒரு சூத்திரம் எழுதினார். வைத்தியரின் கண்பார்வையில் சில கிழமைக்கு என்று பிறந்தது, இன்று மணப்பெண் கிறீம் என்றும் வெள்ளைக் கிறீம் என்றும் வருடக்கணக்கில் பூசப்படுகிறது. வெளுப்புக் கிறீம்கள் சிலவற்றில் இரசமும் சேர்கிறது. அது தோலோடு நிற்காமல் சிறுநீரகத்தைப் போய்த் தாக்கும். மினமாட்டா உடன்படிக்கை அதைத் தடைசெய்திருக்கிறது, இலங்கையும் அதில் ஒரு நாடு.

வெள்ளையாக வேண்டும் என்ற ஆசையை நாங்கள்தான் பிள்ளைகளுக்குள் வைத்தோம். பெண்பார்க்கப் போகிற இடத்தில் "பிள்ளை நிறமோ?" என்று கேட்கிற வாய் எங்கள் வாய். பருவுக்கென்று பூசத் தொடங்கி, வெளுப்புக்காகத் தொடர்ந்தவள்தான் இந்தப் பிள்ளையும். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. பெயரெழுதாமல் விற்றவர்மேல் இருக்கிறது.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. வீரியம் குறைந்த பூச்சுக்கு மாற்றி, நாள் இடைவிட்டு, படிப்படியாகக் குறைத்தோம். ஒன்பதாம் நாள் அவளுடைய அம்மா போன் எடுத்து அழுதார். முகம் பழுத்த தக்காளிபோல் இருக்கிறது, பழைய கிறீமைக் கொஞ்சம் பூசட்டோ என்று கேட்டார். குளிர்ந்த நீர்த் துணி போடுங்கோ அம்மா, நாளைக்குக் கூட்டிவாங்கோ என்றேன். ஆறாவது கிழமை எரிவு அடங்கியது. பிறகுதான் பருவுக்கு முறையான மருந்து தொடங்கினோம், அசெலேயிக் அமிலமும் இரவில் அடப்பலீனும். ஏழு மாதம் ஆயிற்று. பரு இல்லை. கன்னத்தில் அந்தச் சிவப்பு நூல்கள் மட்டும் இன்னும் தெரிகின்றன. அவற்றை மறைக்காமல்தான் வேலைக்குப் போகிறாள்.

இந்த டப்பியை மேசையில் வைக்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒன்று இருந்தால் இன்றிரவே தூக்கி எறியவேண்டாம், பூசுகிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள். கூட்டம் முடிய நான் வாசலில் நிற்பேன். தனியே கேட்க விரும்பும் பிள்ளைகள் கேட்கலாம்.